பூட்டிய கட்டடமும் ஓடுகிற நோட்டும்

தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று இருக்கும். முகப்பில் ஏதோ ஒரு திட்டத்தின் பெயர் வெளுத்துப்போய்த் தெரியும். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு மெஷின் தூசி படிந்து நிற்கும். பாக்குமட்டைத் தட்டு அழுத்துவதற்கோ நாப்கின் செய்வதற்கோ வாங்கியது. அது வந்த அன்று பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, இனி வேலைக்கு வெளியூர் போக வேண்டாம் என்று பேசியிருப்பார்கள். அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டுத் திண்ணையில் பதினைந்து பெண்கள் கூடி, பணத்தை எண்ணி, நீள நோட்டு ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பந்தலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனால் பல ஊர்களில் அந்த நோட்டு இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் கிராமத்துப் பொருளாதாரத்துக்கு யாரும் உருப்படியாக உதவ முடியாது என்று நினைக்கிறேன். அரசு அதிகாரிக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவருக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட, அது எப்போது வருகிறது, யார் போட்ட பணத்துக்குப் பின்னால் வருகிறது என்பதுதான் ஒரு கூட்டுமுயற்சி நிலைக்குமா நிலைக்காதா என்பதை முடிவு செய்கிறது. திண்ணையில் நோட்டு எழுதும் அந்தப் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழு; அத்தகைய குழுக்கள் வந்த வழியை வைத்து இதைப் பார்க்கலாம்.

குழு என்ற யோசனை எந்தத் தலைமைச் செயலகத்திலும் பிறக்கவில்லை. 1980களின் நடுவில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்களை நடத்திவந்தது. சங்கங்கள் பெரிதாக இருந்தன; வசதியான ஓரிருவர் கைக்குள் போயின; உடைந்தன. அப்போது உறுப்பினர்களில் சிலர் சிறு கூட்டமாக வந்து, "வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறோம். ஆனால் ஒருவர் ஆட்டிவைக்கும் அந்தச் சங்கத்துக்குத் தர மாட்டோம்" என்ற பொருளில் பேசினார்கள். அப்படியானால் உங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று மைராடா சொன்னது. ஒருவரை ஒருவர் நம்பும் இருபது பேருக்குள் பணம் சுற்றத் தொடங்கியது இப்படித்தான். 1987இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, இந்தச் சிறு குழுக்களின் சேமிப்புக்கு ஈடாகத் தருவதற்கு மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. முதலில் மக்களின் சேமிப்பு, அதைப் பார்த்துவிட்டு வெளிப்பணம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இது 1989இல் தருமபுரியில் தொடங்கியது. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் இன்றைய கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்தது. மானாவாரி பூமி, மழை பொய்த்தால் பெங்களூருக்கு லாரி ஏறும் ஊர்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1983இல் ஏற்படுத்தப்பட்டிருந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டின. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. 1992இல் நபார்டு நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. சொத்து எதையும் அடகு வைக்காத, பதிவுகூட செய்யாத ஒரு கூட்டத்துக்கு வங்கி கடன் தரலாம் என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம். 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாடு இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 2011இல் வந்த தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

சரி, அந்த நோட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

ஒரு குழுவில் 10 முதல் 20 பேர். ஏன் 20க்கு மேல் இல்லை என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. குழுக்கள் உருவான காலத்தில் நடப்பில் இருந்த 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி 20 பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கத்தோடு தொழில் செய்தால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. பதிவு என்றால் ஆடிட்டர், அலுவலகம், அலைச்சல். அதைத் தவிர்க்கத்தான் இந்த எண்ணிக்கை. ஆனால் அது நல்லதாகவும் போயிற்று. இருபது பேருக்குள் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யார் பொய் சொல்கிறார் என்பதும் தெரியும்.

ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் என்றால் 1,500 ரூபாய். ஒரு வருடத்தில் 18,000. சிறிய தொகைதான். ஆனால் அது பெட்டிக்குள் தூங்குவதில்லை. முதல் மாதமே ஒருவருக்குக் கடனாகப் போகிறது. சங்கக் கடன் என்பார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வட்டி. இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், இது என்ன ஏழைகளுக்கான வட்டியா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, இதற்கு மாற்றாக ஊரில் இருப்பது பத்து வட்டி, அதாவது ஆண்டுக்கு 120 சதவீதம். இல்லாவிட்டால் தண்டல்: கையில் 8,500 கொடுத்துவிட்டு நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கிக்கொண்டு போவது. இரண்டு, குழு வாங்கும் வட்டி குழுவின் முதலிலேயே சேர்கிறது. கட்டியவளுக்கும் அதில் பங்கு உண்டு. கந்துவட்டிக்குக் கட்டிய பணம் ஊரை விட்டுப் போய்விடும். இது திண்ணையிலேயே இருக்கும்.

குழுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து விஷயங்களைச் சொல்வார்கள்: தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, உள்ளுக்குள் கடன் கொடுப்பது, நேரத்துக்குத் திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. பஞ்சசூத்திரம் என்று பயிற்சிகளில் பேர். ஆறு மாதம் இவற்றைச் சரியாகச் செய்த குழுவைத் தரம் பிரித்து, உள்ளுக்குள் சுற்றிவிடச் சுழல்நிதி என்று ஒரு தொகை கொடுத்து, பிறகு வங்கிக் கடனுக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் சேமிப்பைப் போல ஒன்று முதல் நான்கு மடங்குவரை கடன் என்பதே வழக்கம். அடமானம் கிடையாது. அந்த நோட்டுதான் அடமானம்.

அந்த நோட்டில் கடனுக்கான காரணத்தையும் எழுதுவார்கள். மகள் பிரசவம். பள்ளிக்கூட ஃபீஸ். கூரைக்கு ஓலை. அடகு நகையைத் திருப்ப. மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு. நடுவில் எங்காவது ஓர் ஆட்டுக்குட்டி. இதைப் பார்த்து, "இதெல்லாம் உற்பத்திக் கடன் இல்லையே, இதில் என்ன பொருளாதார வளர்ச்சி?" என்று முகம் சுளிக்கிற அதிகாரிகள் உண்டு. அவர்கள் கணக்கு தப்பு. பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியவள் வட்டிக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் இழக்கிறாள். அந்தக் கடனைக் குழுக் கடனால் அடைத்தால் மாதம் 800 ரூபாய் வீட்டில் மிஞ்சும். எந்த ஊறுகாய்த் தொழிலும் முதல் வருடத்திலேயே அவளுக்கு அந்த லாபத்தைத் தந்துவிடாது. கடனிலிருந்து மீள்வதே கிராமத்தில் முதல் தொழில் வளர்ச்சி. அது முடிந்த பிறகுதான் ஒருத்திக்கு நஷ்டப்படத் துணிவு வரும். நஷ்டப்படத் துணிவு இல்லாமல் யாரும் தொழில் செய்ய முடியாது.

இந்த வழக்கங்கள் எல்லாம் புதிதாக இறக்குமதியானவை என்று நினைக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி நம் பெண்களுக்குப் பழக்கமானது. புதுக்கோட்டை கீரமங்கலம், வடகாடு, தஞ்சை பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். விருந்து வைப்பவர் ஒரே நாளில் லட்சக்கணக்கில் கைமுதல் திரட்டுகிறார்; யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது நோட்டில் இருக்கிறது; அவர்கள் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். வங்கி இல்லை, வழக்கறிஞர் இல்லை. கிராமத்தாருக்கு நிதி மேலாண்மை கற்றுக்கொடுக்க வந்தேன் என்று இறங்குபவர்கள் ஒரு மொய் விருந்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மதுரையில் 1990இல் தொடங்கிய ஒரு முயற்சிக்குக் களஞ்சியம் என்றே பேர் வைத்தார்கள். பின்னாளில் தானம் (DHAN) அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தின் இயக்கமாக வளர்ந்தது அது. நெல் கொட்டிவைக்கும் களஞ்சியம் என்றால் எந்தப் பாட்டிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அந்த இயக்கத்தில் முகிழ்த்த தலைவி. பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டிக் கூலி பேசுகிற கொத்துத் தலைவியாக இருந்தவர். 2001இல் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தப் படத்தைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய வாழ்க்கை. கூலி பேசுவதில் நியாயமாக நடந்தவரிடம்தான் பெண்கள் தங்கள் சேமிப்பை நம்பிக் கொடுத்தார்கள். எந்தத் திட்டமும் அந்தத் தலைமையை உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே வயல்வரப்பில் இருந்தது. அதைக் கண்டெடுக்கும் கண்தான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

முதல் தப்பு இலக்கு. இந்த ஆண்டுக்குள் இத்தனை குழு, இத்தனை கோடி கடன் என்று மேலிருந்து எண் வந்தால், கீழே அந்த எண்ணுக்கு ஏற்பக் குழுக்கள் முளைக்கும். மானியம் வருகிறது என்ற பேச்சு கிளம்பினால் ஒரே வாரத்தில் குழு சேரும். அப்படிச் சேர்ந்த குழுவில் நோட்டைப் பின்தேதியிட்டு ஒரே பேனாவில் எழுதியிருப்பார்கள். பணம் வந்ததும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இந்தச் சமப் பங்கீட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 18,000 சேமிப்புக்கு நான்கு மடங்கு என்றால் 72,000 கடன். 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,800. அதில் மாடு வாங்க முடியாது, தையல் மெஷினுக்கே கை கடிக்கும். யாருக்கு இப்போது அவசரம், யார் அடுத்த சுற்றுவரை பொறுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்கத் தெரிந்த குழுவால் மட்டும்தான் ஒருத்தி கையில் 40,000 கொடுக்க முடியும். அந்தப் பேச்சு சண்டையில்லாமல் நடக்காது. அந்தச் சண்டையைத் தாங்கும் பக்குவம் வர வருடக்கணக்காகும், எந்த இலக்குப் பட்டியலிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளும் பெண்களைக் கூட்டிக் "குழு லோன்" கொடுத்தன. ஊரில் இரண்டையும் குழு என்றே சொல்வதால் வெளியே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சுய உதவிக் குழுவில் சேமிப்பு உறுப்பினர்களுடையது, விதி அவர்களுடையது, வட்டியும் அவர்களுடையது. கம்பெனிக் குழுவில் இவை எதுவும் கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு மட்டும்தான் கூட்டு. அதற்கு மேல் சரிசம வட்டி என்ற தந்திரம் வேறு. 12 சதவீதம் என்று சொல்லிவிட்டு, அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் தொகைக்கே கடைசித் தவணைவரை வட்டி போட்டால், உண்மையில் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும்.

ஆந்திராவில் ஒரே வீட்டில் நான்கைந்து கம்பெனிக் கடன்கள் சேர்ந்து, வாரா வாரம் வாசலில் வசூல்காரர் உட்கார்ந்து, தற்கொலைகள் நடந்தன. 2010 அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் நின்றது, கம்பெனிகள் ஆட்டம் கண்டன. ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்து விதிகளைத் திருத்தியது. 2022இல் வந்த விதியின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம் எல்லாக் கடனுக்குமாகச் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விதிகள் தேவைதான். ஆனாலும் வாரத் தவணை கட்டப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கும் காட்சி நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை.

இனிக் கடனைத் தாண்டி வருவோம். கடன் கிடைத்துவிட்டது, நோட்டும் ஒழுங்காக இருக்கிறது. தொழில் நடக்குமா?

பெரும்பாலான குழுக்களுக்குக் கிடைக்கும் பயிற்சி ஒரே அச்சில் இருக்கும்: ஊறுகாய், மசாலாப் பொடி, பினாயில், மெழுகுவர்த்தி. ஒரு ஒன்றியத்தில் நாற்பது குழுக்கள் பினாயில் காய்ச்சினால் வாங்குவது யார்? கண்காட்சி வைத்தால் மூன்று நாள் விற்கும். மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை, மதி என்ற பொதுப் பெயர் என்று அரசு நல்ல முயற்சிகளைச் செய்திருக்கிறது. பல குழுக்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. ஆனால் கிராமத்திலிருந்து ஐம்பது பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கும் செலவைச் சேர்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பட்டணத்துக் கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார். அந்த ஒரு மாதம் அடுத்த சரக்கு வாங்கக் கைமுதல் இருக்காது. பூட்டிய கட்டடங்களில் பல இந்த இடத்தில்தான் பூட்டப்பட்டன. மெஷினுக்குப் பணம் கொடுத்தார்கள். மெஷினை ஓட்டத் தேவையான கைமுதலுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் பால். ஒரு மாடு வைத்திருக்கும் பெண் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போகிறாள். அளந்து, கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்து, அட்டையில் குறித்துக்கொடுக்கிறார்கள். விலையில் ஆயிரம் குறை இருக்கலாம், பட்டுவாடா தாமதமாகலாம். ஆனாலும் ஒரு லிட்டர் கொண்டுபோனாலும் வாங்க ஆள் உண்டு. சந்தை தேடி அவள் அலைய வேண்டியதில்லை. குழுக் கடனில் மாடு வாங்கியவர்கள் ஓரளவு தேறியதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மாட்டை விட, வாங்கும் ஏற்பாடு பெரியது.

ஏற்பாடு இல்லாத இடத்தில் அதை எப்படி உண்டாக்குவது என்பதற்குக் கொல்லிமலையைப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் மலை. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்தார்கள். கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபோது மரவள்ளி மேலேறியது. காசுப் பயிர், லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். சிறுதானிய நிலம் சுருங்கியது. ஊட்டச்சத்து என்று எவ்வளவு பிரசாரம் செய்தாலும் அது திரும்பி வராது. ஏனென்றால் விட்டுப்போனதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. சாமையின் உமி சிறு மணியில் இறுக ஒட்டியிருக்கும். அதை உரலில் போட்டு இடித்துப் புடைத்து அரிசியாக்க ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போடலாம். எந்தப் பெண் உரலைத் தேடிப் போவாள்?

1990களிலிருந்து அங்கே வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. விதையோடு நிற்காமல், ஊர்ப் பக்கத்திலேயே உமி நீக்கும் சிறு ஆலைகளை வைத்து, அவற்றைச் சுய உதவிக் குழுக்களின் கையில் கொடுத்தது. கேட்கச் சுலபமாக இருக்கும். தினைக்குச் சரியாக ஓடும் மெஷின் சாமைக்கு அப்படி ஓடாது, மணியின் அளவு வேறு. களத்தில் மண்தரையில் அடித்த தானியத்தில் கல் வரும். கரண்ட் அடிக்கடி போகும். பெல்ட் அறுந்தால் மாட்ட ஆள் வேண்டும். அரவைக் கூலி எவ்வளவு, உறுப்பினர் அல்லாதவருக்கு எவ்வளவு, அந்தப் பணத்தில் பழுது பார்க்க எவ்வளவு ஒதுக்குவது என்று குழு முடிவெடுக்க வேண்டும். இங்கேதான் பழைய நோட்டுப் பழக்கம் கைகொடுக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் சங்கக் கடனைப் பத்து வருடம் ஒழுங்காக எழுதியவர்களுக்கு அரவைக் கூலிக் கணக்கு பெரிய விஷயமில்லை. பிறகு விதை வங்கி, சுத்தம் செய்து பொட்டலம் போடுவது, குழுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்து, பட்டணங்களில் சாமை அரிசிக்கு மவுசு கூடியபோது, விற்பதற்கு மலையில் ஆட்களும் தானியமும் இருந்ததற்கு அந்த இருபது வருட வேலைதான் காரணம். மரவள்ளி இன்னும் அங்கே பெரிய பயிர்தான். மலை முழுக்க மாறிவிடவில்லை. ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது.

இருபது வருடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திட்டங்களின் கடிகாரம் அப்படி ஓடுவதில்லை. 2020இல் மத்திய அரசு, உழவர்களே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் 10,000ஐ உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை. உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 வீதம், மொத்தம் 15 லட்சம் வரை. மக்கள் போட்ட பணத்துக்குப் பின்னால் அரசுப் பணம் வர வேண்டும் என்ற வரிசையை இது மதிக்கிறது. மேலாளருக்கும் கணக்காளருக்கும் சம்பளம் தேவை என்பதை ஒத்துக்கொண்டதும் பெரிய விஷயம். குறை அந்த மூன்று ஆண்டில் இருக்கிறது. முதல் ஆண்டு ஆள் சேர்ப்பதிலும் பதிவிலும் போகும். இரண்டாம் ஆண்டு உரம், விதை விற்றுப் பழகுவார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு விளைச்சலைக் கொள்முதல் செய்து, அதில் அடிபட்டு, பாடம் கற்கும் நேரத்தில் மேலாளரின் சம்பளம் நின்றுவிடும். அவர் போனதும் நிறுவனம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

தமிழ்நாட்டின் "வாழ்ந்து காட்டுவோம்" திட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. வங்கிக் கடனில் 30 சதவீதம் மானியம். ஆனால் மீதியை ஒழுங்காகக் கட்டிக் காட்டிய பிறகே அது சேரும். மானியத்தை முன்னால் நீட்டாமல் பின்னால் வைத்த ஒரே மாற்றத்தால், மானியத்துக்காக மட்டும் வருபவர்கள் விலகிப்போக வழி உண்டாகிறது.

கோவை மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியதும் இந்த வகைதான். விலை ஏறக்குறைய 1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கினார்கள். மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். ஊராட்சியே கடன்காரராக இருந்ததால் காற்றாலை ஓடுகிறதா என்று ஊரே கவனித்தது. இலவசமாக நட்டுவைத்திருந்தால் அந்தக் கவனம் இருந்திருக்குமா?

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று உண்டு. குழுக்கள் தெருவாரியாக அமைகின்றன. நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. ஒருவரை ஒருவர் நம்புவோர் சேர்வது என்ற விதியே சாதிக்குள் சேர்வதாக முடிந்துவிடுகிறது. தவறாமல் 100 ரூபாய் கட்ட முடியாத பெண்ணை எந்தக் குழுவும் சேர்க்கத் தயங்கும்: கணவனை இழந்து தனியே இருப்பவள், மாற்றுத்திறனாளி, பருவத்துக்குச் செங்கல் சூளைக்குப் போய்விடும் குடும்பம். அடித்தட்டு என்று நாம் சொல்லும் திட்டங்கள் பல, அடித்தட்டுக்கு ஒரு படி மேலேயே நின்றுவிடுவது இதனால்தான். 2005இல் உலக வங்கி உதவியுடன் வந்த புது வாழ்வுத் திட்டம் இதை நேராகப் பார்த்தது. கிராமத்தாரே கூடி, மக்கள் நிலை ஆய்வு என்ற பேரில் யார் மிக ஏழை என்று பட்டியல் போட்டு, கிராம சபையில் ஒப்புதல் வாங்கி, கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் வழியாக அவர்களுக்குப் பணம் போனது. வெளிப்படையாக ஊர் நடுவில் போட்ட பட்டியலில் பெயரைச் செருகுவது கஷ்டம். இத்தகைய குடும்பங்களுக்குச் "சொந்தப் பணம் முன்னால்" என்ற என் விதியைப் போட்டுப் பார்ப்பது கொடுமை. அவர்களுக்கு முதலில் கையில் ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்: இரண்டு ஆடு, அது பெருகும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆள். மேற்கு வங்கத்தில் இப்படிச் செய்து, பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேலே நின்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு பாரமும் கணக்கில் வருவதில்லை. கூட்டம் நடத்துவது, வங்கிக்கு நடப்பது, நோட்டு எழுதுவது, பயிற்சிக்குப் போவது எல்லாமே பெண்களின் கூலியில்லா வேலை. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநராக இருப்பவள் ஒரு நாள் வங்கியில் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பல குழுக்கள் பணத்தகராறால் உடையவில்லை. எழுதுகிற பெண் கல்யாணமாகி வேறு ஊர் போனதும் எழுத ஆளில்லாமல் நின்றுபோயின.

ஆகவே, உங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால், கட்டடத்துக்கு இடம் பார்ப்பதற்கு முன் அங்கே ஓடுகிற குழு ஒன்றைத் தேடிப் போய், உட்கார இடம் கேளுங்கள். தீர்மான நோட்டையும் கடன் பேரேட்டையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை போயிருக்கிறதா, ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருத்தி தவணை தவறிய மாதத்தைக் கண்டுபிடித்து, அடுத்த கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்று படியுங்கள். பிறகு, இப்போது எது இடிக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். ஓர் எடை மெஷின் என்பார்கள், கடைக்காரர் பணம் தரும்வரை தாங்க ஒரு மாதக் கைமுதல் என்பார்கள், கணக்கு எழுதும் பெண்ணுக்கு இரண்டு வருடச் சம்பளம் என்றும் சொல்லலாம்.